வெண்கலத்துக்கு எட்டே முக்கால்

குமாசி நகரத்தில் ஓடி ஓய்ந்த லாரி, பஸ், இன்ஜின் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் சுவாமே மேகஸீன் பட்டறைப் பேட்டை. இங்கே காயலான் கடைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ஒரு துண்டைக் கல்லில் தட்டி, சத்தத்தை வைத்தே இது வெண்கலம், இது பித்தளை, இது வெறும் மேல்பூச்சு என்று சொல்லக்கூடியவள் செர்வா ஒருத்திதான். அவள் கடைக்கு நேர் எதிரே நான் போல்ட்டும் நட்டும் விற்கிறேன். அவள் வாழ்க்கையில் நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு வராது.

அவள் புருஷன் அடொமாக்கோ வார்ப்புக்காரன். செர்வாவின் கடையும் அவன் பட்டறையும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு தகரச் சுவர், அதில் தலை போகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. பானை, மாவு மில்லின் சக்கரம், பெல்ட் ஓடும் கப்பி என்று என்ன வேலை வந்தாலும் முதலில் மரத்தில் அதே உருவத்தைச் செதுக்குவார்கள். அதை மணலில் புதைத்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஒரே ஊற்றில் நிரம்ப வேண்டும். பாதியில் தீர்ந்துபோனால், மூசையில், அதாவது உருக்கும் குடுவையில், இன்னொரு தடவை உருக்கிக் கொண்டுவந்து மேலே ஊற்றினால் ஒட்டாது. எல்லாம் பாழ். அதற்காக அள்ளிப் போட்டு உருக்கினால் எரித்த எண்ணெய் வீண்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அடொமாக்கோ அந்த ஓட்டையில் தலையை நீட்டுவான்.

"செர்வா, எவ்வளவு போடலாம்?"

அவள் எழுந்து போவாள். மர உருவை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு தடவை குலுக்கி, கண்ணை மூடுவாள். "பன்னிரண்டு கிலோ போடு" என்பாள். பன்னிரண்டு கிலோ போட்டால் சரியாக இருக்கும். நாலு பேர் எதிரில் ஒரு வார்ப்புக்காரன் தன் பெண்டாட்டியிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறானே, அந்த நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றபோதுகூட அப்படி ஒரு பெருமை இருந்திருக்காது.

அடொமாக்கோவுக்கு மரம் செதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கண் பார்வை மங்கிப்போய் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக டாக்கொராடியிலிருந்து மான்சா வந்தாள். ஃபாந்தே இனத்துப் பெண். புருஷன் துறைமுகத்துப் பக்கம் வார்ப்புப் பட்டறை நடத்தியவன், இறந்துவிட்டான். அவனுக்கு மரம் செதுக்கியவள் இவள்தான். ஒரு மகள் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மான்சாவுக்கும் ஏறக்குறைய செர்வாவின் வயதுதான். ஆனால் கால்சட்டை போட்டுக்கொண்டு வருவாள், சிரித்தால் என் கடையில் நட்டு டப்பா அதிரும்.

வந்ததும் முதல் வேலையாக ஒரு கப்பி செதுக்கினாள். அடொமாக்கோ வழக்கம்போல ஓட்டையில் தலையை நீட்டினான். செர்வா போனாள், தூக்கினாள், கண்ணை மூடினாள்.

"பதினெட்டு கிலோ அலுமினியம்" என்றாள்.

மூலையில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த மான்சா நிமிர்ந்தாள். "பதினெட்டா? பத்து போதுமே சிஸ்டர்."

"இவன் பானை வார்க்கிற காலத்துல இருந்து நான் தூக்கிப் பார்த்துத்தான் சொல்றேன்."

"அங்கதான் தப்பு. இதுவரைக்கும் உங்களுக்கு வாவா மரத்துல செதுக்கிக் குடுத்தாங்க, அது பஞ்சு மாதிரி. நான் இதை 'ஓடும்'னு சொல்ற கனத்த மரத்துல செதுக்கியிருக்கேன். மரம் கனமா இருந்தா அலுமினியமும் கனமாயிடுமா சிஸ்டர்?"

பட்டறையில் துருத்தி ஊதுகிறவன், மணல் சலிக்கிறவன் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மான்சா பேச்சோடு நிற்கவில்லை. ஒரு டிரம்மின் பக்கவாட்டில் துளை போட்டுச் சின்னக் குழாய் செருகியிருந்தாள். குழாய் மட்டத்துக்குத் தண்ணீரை நிரப்பி, கப்பியை உள்ளே விட்டாள். வழிந்த தண்ணீரை, லிட்டருக்குக் கோடு போட்ட எண்ணெய்க் கேனில் பிடித்தாள்.

"மூணு லிட்டர். மரம் எவ்வளவு இடத்தை அடைக்குதோ அவ்வளவு தண்ணிதான் வெளியே வரும். அந்த இடத்துல நாளைக்கு அலுமினியம் உட்காரப்போகுது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அதே ஒரு லிட்டர் இடத்துல அலுமினியம் நின்னா ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. மூணு லிட்டருக்கு எட்டுச் சொச்சம். ஊத்துற வழியில நிக்கிறதுக்கும், கசடாப் போறதுக்கும் சேர்த்துப் பத்து."

அடொமாக்கோ பத்தே போட்டான். பள்ளம் நிரம்பி, மூசையின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் நின்றது. அவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "செர்வா, இங்க வந்து பாரேன்!" என்று கூப்பிட்டான். அவள் வந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஓட்டையில் அவன் தலை தெரியவே இல்லை.

செர்வாவுக்கு இதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. வேறு பெண்ணோடு புருஷன் சிரிக்கிறான் என்பது ஒரு பக்கம். தன்னைக் கேட்க வேண்டியதைப் போய் இன்னொருத்தியைக் கேட்கிறானே என்பதுதான் அவளை உள்ளே அரித்தது. என் ஸ்டூலில் வந்து உட்காருவாள், கண் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

"பாருங்க, ரெண்டு பேரும் டிரம்முக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறதை. தண்ணி பார்க்க ரெண்டு தலை எதுக்கு?"

"அளவு பார்க்கிறாங்கம்மா."

"எதோட அளவு?"

நான் போல்ட்டை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

செர்வா காலையில் எழுந்து, அவித்த கிழங்கை ஃபுஃபுக் களியாக இடித்து, எண்ணெய்ப்பனைப் பழச் சாற்றில் ஆட்டுக்கறி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அடொமாக்கோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மான்சாவிடம் போய், "வா, கையைப் போடு" என்றான். இருவரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள். மறுநாள் செர்வா சாற்றில் மிளகாயை அள்ளிப் போட்டாள். மான்சா ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஆகா, குமாசியிலயும் காரம் தெரிஞ்ச பொம்பளை இருக்காங்கப்பா!" என்று விரலைச் சூப்பினாள். அடொமாக்கோதான் தண்ணீர் தேடி ஓடினான்.

செர்வா பிறகு உடுப்பில் இறங்கினாள். காயலான் கடையில் கிரீஸ் நடுவே சர்ச்சுக்குக் கட்டும் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காதில் தொங்கல். ஸ்பிரிங் பட்டையை எடைபோட வந்தவன், அம்மா என்கிற மரியாதையோடுதான், "மாமே செர்வா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போனான். அடொமாக்கோ கவனித்ததாகவே தெரியவில்லை. மான்சாதான் போகிறபோக்கில், "துணி உங்களுக்கு எடுப்பா இருக்கு சிஸ்டர்" என்றாள். அதைக் கேட்டு செர்வா அழுதே விட்டாள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தக் கணக்கைத் தானே செய்து பார்த்தாள். குளிக்கிற அண்டா நிறையத் தண்ணீர் விட்டு, மரக்கட்டை ஒன்றைப் போட்டாள். கட்டை மிதந்தது. வழிந்த தண்ணீரைப் பிடித்து, மான்சா சொன்ன இரண்டே முக்காலால் பெருக்கினாள். அதே கட்டை அளவில் பழைய அலுமினியத் துண்டு ஒன்று கடையில் இருந்தது. அதை எடைபோட்டாள். கணக்கில் வந்தது அதில் பாதிகூட இல்லை. "எல்லாம் ஏமாத்து வேலை. ஃபாந்தேக்காரி மந்திரம் வச்சிருக்கா" என்று என்னிடம் வந்து சத்தியம் செய்தாள்.

மழைக்காலம் முடியும்போது செலோம் வந்தான். எவே இனத்து ஆள். வோல்டா ஏரியில் யேஜிப் பக்கம் ஆளும் சரக்கும் ஏற்றிப்போகும் பெரிய படகு வைத்திருப்பவன். படகின் அடியில் சுழலும் வெண்கல விசிறி, தண்ணீருக்குள் நின்ற பட்ட மரத்தில் மோதிச் சிதைந்துவிட்டது. மூன்று இறகில் ஒன்று அரைவாசி போயிருந்தது. கடலோரத்தில் புதிதாக வாங்கக் கேட்டால் ஆறு மாதம் ஆகும் என்றார்களாம்.

"இங்க வார்க்க முடியுமா மாஸ்டர்?" என்றான்.

மேகஸீனில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. அடொமாக்கோ மான்சாவைப் பார்த்தான். மான்சா விசிறியைத் தடவிப் பார்த்து, "நான் செதுக்குறேன். நீங்க ஊத்துங்க" என்றாள். செர்வா இந்தப் பக்கம் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மான்சா அதைச் செதுக்கியது பார்க்க அழகாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு இறகும் முறுக்கிக்கொண்டு திரும்பும், நடுவில் தடிமன், ஓரத்தில் கத்தி போல. எந்த அளவுகோலை வைத்தாலும் அதன் கன அளவு பிடிபடாது. அவள் டிரம்மில் அமிழ்த்தி, தண்ணீரைப் பிடித்து, அடொமாக்கோவிடம் சொன்னாள்: "அஞ்சு லிட்டர். வெண்கலம் லிட்டருக்கு எட்டே முக்கால் கிலோ. நாற்பத்து நாலுக்குக் கொஞ்சம் கம்மி. ஊத்துற வழி, ஆறும்போது சுருங்குறது, புகையாப் போறது எல்லாத்துக்கும் சேர்த்து ஐம்பத்தஞ்சு கிலோ போட்டுடுங்க."

அடொமாக்கோ செர்வாவின் கடை வாசலுக்கு வந்தான். அவள் தராசை விட்டு எழுந்தே விட்டாளாம்.

"ஐம்பத்தஞ்சு கிலோ வெண்கலம் எடுத்து வை" என்றான்.

"ஐம்பத்தஞ்சு போதுமான்னு என்னைக் கேக்க மாட்டியா?"

"மான்சா அளந்துட்டா. எடுத்து வை."

செர்வா எடுத்து வைத்தாள். அந்த எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் மேலே கப்பல் வால்வும், தண்டு சுழலும் வெண்கல வளையமான புஷ்ஷும் தெரிய, அடியில் பழைய தண்ணீர்க் குழாய்த் தலைகளைச் சம்மட்டியால் நசுக்கிப் போட்டிருந்தாள். மேலே பூச்சு பளபளக்கும், உள்ளே துத்தநாகம். வெண்கலம் உருகுகிற சூட்டில் துத்தநாகம் நிற்காது, பாதி புகையாகவும் பாதி கசடாகவும் போய்விடும் என்று மேகஸீனில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

பிறகு என்னிடம் சொன்னபோது, "அவ கணக்குப் பொய்யாப் போகணும்னு மட்டும்தான் நினைச்சேன். படகு, செலோம், என் புருஷன் உழைப்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியல" என்றாள்.

ஊற்றுகிற அன்று மேகஸீனே கூடிவிட்டது. மூசையிலிருந்து வெள்ளைப் புகை பஞ்சுபோல் கிளம்பியது. அடொமாக்கோ இருமிக்கொண்டே, "பித்தளை கொஞ்சம் கலந்திருக்கும்போல" என்றான். மான்சா புகையையே பார்த்தாள். கசடை வழித்து எறிய எறிய வந்துகொண்டே இருந்தது. ஊற்றினார்கள். மூசை காலியானது. மேலே உலோகம் எட்டிப் பார்க்க வேண்டிய துளைகளில் ஒன்றில் மட்டும் வெறும் இருட்டு.

மணலை உடைத்தபோது, இரண்டு இறகுகள் முழுசாக இருந்தன. மூன்றாவது இறகு பாதியோடு நின்றிருந்தது, செலோம் கொண்டுவந்த உடைந்த விசிறி போலவே.

செலோம் தலையில் கை வைத்துக்கொண்டான். "உடைஞ்சது ஒண்ணு ஏற்கெனவே என்கிட்ட இருக்கே மாஸ்டர்! இன்னொண்ணு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். அடொமாக்கோவுக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி மான்சாவைப் பார்த்துக் கத்தினான். "ஐம்பத்தஞ்சுன்னு சொன்னியே! தண்ணியை அளந்து வெண்கலத்தைச் சொல்றாளாம்! டாக்கொராடியில இப்படித்தான் ஊத்துனீங்களா?"

மான்சா குனிந்து, ஊற்று வழியில் உறைந்து நின்ற ஒரு கட்டியை ரம்பத்தால் அறுத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

செர்வா அன்று என் கடையில் எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தாள். காரணம் கேட்டதற்கு, "வெயிலா இருக்கே" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த ஓட்டையில் தலை தெரிந்தது.

"செர்வா, எவ்வளவு போடலாம்? செலோம் இன்னொரு தடவை பொறுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான். அதுவும் போச்சுன்னா என் பேரே போச்சு."

எத்தனை மாதம் ஏங்கியிருந்தாள் இந்த ஒரு கேள்விக்கு! எழுந்து போனாள். மர விசிறியைத் தூக்கினாள், குலுக்கினாள், கண்ணை மூடினாள். கையில் மரம் கனத்தது. அது 'ஓடும்' மரத்தின் கனம், வெண்கலத்தின் கனம் இல்லை. முறுக்கிக்கொண்டிருந்த இறகுகளைத் தடவிப் பார்த்தாள். நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு, எதுவும் பிடிபடவில்லை. மான்சா சொன்ன ஐம்பத்தைந்தையே சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். மந்திரம், ஏமாற்று என்று அவளே ஊரெல்லாம் சொன்ன கணக்கு அது. உண்மையிலேயே அது தப்பாக இருந்து, துத்தநாகம் இல்லாமலே குறைந்தால்?

"சொல்லு" என்றான் அடொமாக்கோ.

"அப்புறம் சொல்றேன். தலை வலிக்குது" என்று வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே மான்சா தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். மான்சா முற்றத்தில் உட்கார்ந்து புளித்த சோளமாவுக் கென்கேயும் வறுத்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செர்வாவைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. கை கழுவத் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். செர்வா சாப்பிட உட்காரவில்லை.

"அந்த விசிறிக்கு எவ்வளவு போடணும்?" என்றாள்.

"முதல்லயே சொன்னேனே. ஐம்பத்தஞ்சு."

"அது குறைஞ்சுபோச்சே."

மான்சா உள்ளே போய், அறுத்து எடுத்த கட்டியைக் கொண்டுவந்து செர்வாவின் கையில் வைத்தாள்.

"இதை எடைபோட்டேன், தண்ணியில முக்கி அளந்தேன். லிட்டருக்கு எட்டே முக்கால் வரணும். எட்டுகூட வரல. தண்ணிக்கு உன் மேலயும் கோவம் இல்ல, என் மேலயும் கோவம் இல்ல. இது சுத்த வெண்கலம் இல்லைன்னு அது பாட்டுக்குச் சொல்லிடுச்சு. என்ன போட்ட சிஸ்டர்? குழாய்த் தலையா?"

செர்வா கட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரிஞ்சுமா நீ அத்தனை பேர் எதிர்ல பேச்சு வாங்கிட்டுப் போன? என் புருஷன்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன ஆகும்? உன்னைத் தள்ளி வச்சிட்டு என் பக்கம் வந்து நிப்பான். எனக்கு அது வேணாம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, மாம்பழ சீசன்ல உன் புருஷன் என்கிட்ட வந்து, ரெண்டாந்தாரமா வர்றியான்னு கேட்டான். நான் ஒரு வார்ப்புக்காரனுக்குக் கண்ணு எரிய எரியப் புகையில நின்னு, கடைசியில அவனைப் புதைச்சும் ஆச்சு. இன்னொருத்தனுக்கு அடுப்பு ஊத நான் குமாசிக்கு வரலன்னு சொல்லிட்டேன். என் பொண்ணு படிப்பு முடியணும். அதுக்கு எனக்கு வேலை வேணும், புருஷன் வேணாம்."

செர்வா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தபோது வந்த வலி வேறு மாதிரி இருந்ததாம். இத்தனை நாள் பிடித்து உலுக்கியது தப்பான ஆளை.

"அவன் கேட்டப்போ உனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம்கூடச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டாள்.

மான்சா யோசித்தாள். "கொஞ்சம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"அதுக்கே உன் தலைமுடியைப் பிச்சிருக்கணும்."

"பிச்சுக்கோ. ஆனா முதல்ல மேகஸீனுக்கு வந்து, என் கணக்குத் தப்பில்லன்னு எல்லார் எதிர்லயும் சொல்லு. உன் புருஷன் கத்துன மாதிரியே சத்தமா. சொல்லலன்னா நான் நாளைக்கே டாக்கொராடிக்கு டிரோட்ரோ வேன் ஏறிடுவேன். நீயும் அவனும் அந்த விசிறியைத் தூக்கித் தூக்கிக் குலுக்கிக்கிட்டே இருங்க."

மறுநாள் திங்கட்கிழமை. செலோம் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். நானும் கடையை விட்டுவிட்டுப் போய் நின்றேன். செர்வா கிரீஸ் படிந்த பழைய துணியில் வந்தாள்.

"மாஸ்டர், மான்சா சொன்ன எடை சரி" என்றாள். "நான்தான் அடியில குழாய்த் தலையைப் போட்டேன். பாதி புகையாப் போச்சு. தப்பு என்னோடது."

அடொமாக்கோ சம்மட்டியைக் கீழே போட்டான். "என்ன சொல்ற? என் பட்டறையில, என் மூசையில, என் பெண்டாட்டியே குப்பையைப் போட்டாளா? என்னை ஊர் சிரிக்க வச்சிட்டியே! எதுக்கு? என்ன குறை வச்சேன் உனக்கு?"

அதுவரை மரியாதையாக நின்றவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது.

"என்ன குறையா? மாம்பழ சீசன்ல இவகிட்டப் போய் நீ என்ன கேட்ட? அதை இங்க சொல்லு அடொமாக்கோ. சத்தமாச் சொல்லு. துருத்திக்காரனுக்கும் கேக்கட்டும்."

துருத்திக்காரன் கையை நிறுத்திவிட்டான். அடொமாக்கோ மான்சாவைப் பார்த்தான். அவள் உளி முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். அந்த உயரமான மனுஷன் என் கண் முன்னால் ஒரு சாண் குறைந்துபோனான்.

"சும்மா... ஒரு வார்த்தைக்குக் கேட்டேன்" என்றான்.

"எனக்கும் சும்மா ஒரு கை நிறையக் குழாய்த் தலை போடணும்னு தோணுச்சு."

செலோம்தான் எழுந்து நடுவில் வந்தான். "மாமே, மாஸ்டர், உங்க வீட்டு வழக்கை உங்க குடும்பத்துப் பெரியவர்கிட்ட வச்சுக்கங்க. என் படகு கரையில கிடக்குது. யேஜிச் சந்தைக்குக் கிழங்கு அழுகுது. யாராவது எனக்கு விசிறி ஊத்துங்க!"

செர்வா வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கப்பல் புஷ்களை உருட்டிக்கொண்டு வந்தாள். சுத்த வெண்கலம், விற்க மனசில்லாமல் வருஷக்கணக்காக வைத்திருந்தவை. ஆனால் மான்சாவின் கணக்கை அவள் அப்படியே நம்பிவிடவில்லை. "என் கண் முன்னால திரும்ப அளந்து காட்டு" என்றாள். மான்சா டிரம்மை நிரப்பினாள். மர விசிறியை உள்ளே விட்டாள். அது மிதந்தது.

"இங்கதான் எனக்கு அண்டாவுல தப்பாப் போச்சு!" என்று செர்வா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"அண்டாவுல அளந்து பார்த்தியா? எனக்குத் தெரியாம?" மான்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மிதக்கிறதை அப்படியே விட்டா, முங்குன பாகத்துக்கு மட்டும்தான் தண்ணி வழியும். முழுசா அமுக்கணும். ஆனா கையை உள்ள விடக்கூடாது, கையும் இடத்தை அடைக்கும்." இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்து ஒன்றைச் செர்வாவிடம் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அமுக்கினார்கள். தண்ணீர் குழாய் வழியே கேனுக்குள் விழுந்தது. செர்வா குனிந்து கோட்டைப் பார்த்தாள். ஐந்து.

"எட்டே முக்காலால பெருக்கு" என்று மான்சா சொல்லி முடிப்பதற்குள், "நாற்பத்து மூணே முக்கால்" என்றாள் செர்வா. எடைபோட்டு எடைபோட்டு வாழ்ந்தவள், பெருக்கல் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. மான்சாவின் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவள் மனக்கணக்குப் போடுகிறவள் இல்லை, விரலால் மணலில் எழுதித்தான் பார்ப்பாள். செர்வாவும் அதைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் நடையே மாறிவிட்டது.

ஐம்பத்தைந்து கிலோ உருகியது. புகை மெல்லிசாகத்தான் வந்தது. அடொமாக்கோ யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினான். ஆனால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதற்காக அவனைப் பாராட்டியாக வேண்டும். மூன்று துளைகளிலும் வெண்கலம் எட்டிப் பார்த்தது. மணலை உடைத்தபோது மூன்று இறகும் முழுசாக வெளியே வந்தன. செலோம் அதைக் கட்டிப்பிடித்துச் சூடு பட்டுக்கொண்டான்.

குடும்பத்து வழக்கு அடுத்த மாதம் பெரியவர் முன்னால் நடந்தது. இரண்டு பக்கமும் தப்பு என்று தீர்ப்பானது. மனைவி காதுக்கு எட்டாமல் இன்னொருத்தியைக் கேட்டதற்காக அடொமாக்கோ ஒரு துணியும் மதுவும் வைத்துச் சமாதானம் செய்ய வேண்டும். மூசையில் குப்பை போட்டதற்காகச் செர்வா ஓர் ஆடு கொடுக்க வேண்டும். ஆட்டை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மான்சாவுக்கு ஒரு தொடை போனது, செர்வாவே தேடி எடுத்த எலும்பு மிகுந்த தொடை.

மான்சா கொஞ்ச நாளில் மேகஸீனின் மறுகோடியில் சொந்தக் கொட்டகை போட்டுக்கொண்டாள். விசிறி விஷயம் ஏரிக்கரை எங்கும் பரவி, படகுக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். செர்வா கடை வாசலில் ஒரு டிரம்மை நிறுத்தி, குழாய் செருகி, வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து கொடுத்து, உலோகமும் விற்றாள். அடொமாக்கோவும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பெண்களுக்கும் போட்டி ஓயவில்லை. மான்சா ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் எண் சொன்னால், செர்வா எங்கேயாவது விசாரித்துச் செம்புக்கும் வார்ப்பிரும்புக்கும் சேர்த்துச் சொல்வாள். மான்சாவுக்கு யார் பெரிய வேலை கொடுத்தாலும் செர்வா முதலில் வந்து என்னிடம்தான் புலம்புவாள்: "அவகிட்டப் போறாங்களே, அந்த வெண்கலம் யார் கடையில வாங்குனதுன்னு யாராவது கேக்குறாங்களா?"

மான்சாவின் மகள் நர்ஸாகிவிட்டாள், போன வருடம் அவளுக்கு டாக்கொராடியில் கல்யாணம். மேகஸீனிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். செர்வா கெந்தே துணி கட்டியிருந்தாள், பெண்ணின் தாய் கட்டியதைவிட அகலமான கரை, பளிச்சென்ற நிறம். ஆட்கள் அவளையே பெண்ணின் அம்மா என்று நினைத்துக் கைகொடுத்தார்கள். அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மான்சா பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, தட்டில் மீனோடு விறுவிறுவென்று வந்தாள். சண்டைதான் என்று நான் நினைத்தேன்.

"ஏய், அது என் இடம். நகரு" என்றாள்.

"உன்னைவிட நான் எதுல குறைஞ்சவ?" என்றாள் செர்வா. ஆனாலும் நாற்காலியில் பாதியை விட்டுக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் இடுப்பு இடிக்க உட்கார்ந்து, தட்டில் இருந்த பெரிய மீன் துண்டு யாருக்கு என்று பாட்டு முடிகிறவரை வாதாடிக்கொண்டிருந்தார்கள்.